பன்றி சொல்ல வந்த குறை

நாண் அறுந்தபோது பன்றி சிரித்தது.

அறுந்த முனை சுருண்டு வந்து மசினியின் கன்னத்தில் அடித்தது. அம்பு காவல் பரணுக்குக் கீழேயே சாமைப் பயிருக்குள் விழுந்தது. பன்றி ஓடவில்லை. ஒரு கொத்துக் கதிரை வாயின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவள் இருந்த பக்கம் மூக்கைத் தூக்கியது.

"நாண் திரிக்கிற நாரை வெயில்லயா காயப் போட்ட, மருமகளே?"

மசினி கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"மரல் நாரை வெயில்ல போட்டா சுள்ளி மாதிரி ஆயிடும். நிழல்ல கிடக்கணும். அதுவா ஈரம் விடுற வரைக்கும் கையே வைக்கக் கூடாது. இதுகூடத் தெரியாம என்னை அடிக்க வந்துட்ட."

மீதிக் கதிரையும் நிதானமாக மென்று முடித்துவிட்டு, முள்வேலியில் தானே பிய்த்துப் போட்டிருந்த வழியாகப் பன்றி வெளியே போயிற்று. ஓடைக்குள் இறங்கும்வரை அதன் சிரிப்பு கேட்டது.

விலங்குகள் வாயை மூடக் கற்றுக்கொள்ளாத காலம் அது. கரடி தேனீக்களிடம் சமாதானம் பேசிவிட்டுத்தான் கூட்டில் கை வைக்கும். குரங்குகள் ஒரு குன்றின் சேதியை அடுத்த குன்றுக்குக் கொண்டுபோகும், வழியில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு. மீன் மட்டும்தான் பேசாது. அதன் வாய் நிறையத் தண்ணீர்.

கிழங்கு தோண்டித் தின்பவர்கள் எல்லாரும் ஒரே உறவு என்று அப்போது ஏற்பாடு இருந்தது. மனிதர்கள் கோலால் தோண்டினார்கள். பன்றி மூக்கால் தோண்டியது. இரண்டு பேருமே கொடியின் தலையைக் குழியில் விட்டு மண் மூடிவிட்டு வருவார்கள், அடுத்த மழைக்கு அது மறுபடி கிழங்கு விடும் என்று. அதனால் பன்றியை மலையில் எல்லாரும் மாமன் என்றார்கள். வில் இருந்தது, ஆனால் அது காட்டுக்கோழிக்கும் முயலுக்கும் உள்ள வில். மாமன் மீது யாரும் அம்பு தொடுத்ததில்லை.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த பருவமும் பொய்த்தது. தோண்டிய குழிகளில் விரல் கனத்துக்குத்தான் கிழங்கு கிடைத்தது. பன்றி முதலில் கொடியின் தலையையும் சேர்த்துத் தின்றது. அப்புறம் கொல்லைகளுக்குள் வந்தது. மசினியின் கணவன் சடையன் ஒரு தடியை எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனான். பன்றி தன் கோரைப்பல்லால் அவன் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. உறவாயிற்றே என்று எலும்பை விட்டுவிட்டதாக மறுநாள் குரங்கிடம் சொல்லியனுப்பியது.

மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கீழ்நாட்டுக்கு வயல் வேலைக்குப் போய்விட்டார்கள். மலையில் மிஞ்சியது மசினியும் சடையனும் கைக்குழந்தையும் இருந்த குடிசை ஒன்றுதான். மேட்டுக் கொல்லையில் அவள் விதைத்த சாமைதான் மலையில் மிஞ்சிய சாமையும். அது வீடு வந்தால் மழைவரை கஞ்சி இருக்கும், அதற்கப்புறம் விதைக்கவும் இருக்கும். வராவிட்டால் அவர்களும் இறங்க வேண்டியதுதான்.

*

அவள் மறுபடி கற்றாழைபோல் மடல் விடும் மரலை வெட்டி வந்தாள். மடலைப் பலகையில் வைத்து மூங்கில் சிராயால் சுரண்டிச் சதையை எடுத்தாள். வெள்ளையாக வந்த நாரைக் குடிசைக்குள் கொடியில் போட்டாள்.

படுத்திருந்த சடையன் பார்த்துக்கொண்டிருந்தான். "நிழல்லயா போடுற?"

"நிழல்லதான் போடணுமாம்."

"யார் சொன்னது?"

"மாமன்."

சடையனுக்குச் சிரிப்பு வந்தது, காலில் வலியும் வந்தது. "கழுத்துக்குக் கயிறு எப்படித் திரிக்கணும்னு அதுகிட்டயே கேட்டுக்கிட்டு வந்திருக்க. அதுக்குப் பிடிச்ச நிறம் என்னன்னு கேட்டியா?"

"அடுத்த தடவை கேக்குறேன்" என்றாள் மசினி.

நார் காய்ந்ததும் தொடையில் வைத்துத் திரித்தாள். உள்ளங்கை எரிந்தபோது எச்சில் துப்பிக்கொண்டு திரித்தாள். தேன்மெழுகைப் பூசி இழுத்துவிட்டாள். இந்தத் தடவை நாண் அறவில்லை. அம்பு நேராகப் போய்ப் பன்றியின் தோளில் பட்டது. பட்டு, மூங்கில் முனை பிளந்து கீழே விழுந்தது.

பன்றி தோளைச் சிலிர்த்துக்கொண்டது. "நாண் நல்லா வந்திருக்கு. ஆனா எங்க அடிக்கிற நீ? இது தோல்னு நினைச்சியா? தினம் சேத்துல புரண்டு, பிசின் வடியிற மரமாப் பாத்து உரசி, காய விட்டு, மறுபடி உரசி, நானே கட்டின சுவர் இது. குட்டியில இருந்து கட்டுறேன். மூங்கில் இதுல என்ன செய்யும்?"

"அப்ப உனக்குக் காத்தே படாதா மாமா?" என்று மசினி பரணிலிருந்து கேட்டாள்.

பன்றிக்குத் தன் உடம்பைப் பற்றிப் பேசுவது பிடிக்கும். "முன்னங்காலை எட்டி வச்சா அதுக்குப் பின்னால கொஞ்சம் காத்துப் படும். கை அகலம் இருக்கும். மத்தபடி எங்கயும் படாது."

சொல்லிவிட்டு மறுபடி கதிரில் வாய் வைத்தது. மசினி அடுத்த அம்பை எடுக்கவில்லை. மூங்கில் முனைதான் அவளிடம் இருந்தது.

"மாமா" என்றாள். "எங்களுக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் தின்னா நாங்க இறங்கிப் போயிடணும்."

பன்றி கதிரிலிருந்து தலையைத் தூக்கியது. "காட்டுல கிழங்கு இல்லம்மா. உனக்குத் தெரியாததா? குட்டிங்க ஓடைக்கரையில வேர் கடிச்சுக்கிட்டு இருக்கு. நான் எங்க போவேன், சொல்லு."

பன்றி மறுபடி கதிருக்குக் குனிந்தது. தின்று முடித்துவிட்டுப் போயிற்று.

*

கீழ்நாட்டிலிருந்து சடையனின் தம்பி பெள்ளன் ஏறி வந்தான். சாமான்களைத் தூக்கிப் போக உதவிக்கு. கொல்லையைச் சுற்றிப் பார்த்தான். பாதி மடிந்து கிடந்தது, பாதி நின்றது.

"ரெண்டு பேருக்கு வேலை சொல்லி வச்சிருக்கேன் அண்ணி. அண்ணன் உக்காந்து நாத்துக் கட்டலாம். குழந்தையை வரப்புல போட்டுக்கலாம்."

"அறுப்பு முடியட்டும்" என்றாள் மசினி.

"பன்னி முடிச்சுடும்."

"அதுக்கு முன்னால நான் முடிப்பேன்."

பெள்ளன் அவள் மடியில் கிடந்த வில்லைப் பார்த்தான். "மாமனை அம்பால அடிக்கிறது எந்த ஊர் வழக்கம்?"

"மருமகன் காலைக் கிழிக்கிறது எந்த ஊர் வழக்கமோ, அந்த ஊர்தான்."

சடையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"கீழ சோறு இருக்கு அண்ணி. அதுல என்ன தப்பு?"

"தப்பில்ல. போனவங்க விதையையும் தின்னுட்டுத்தானே போனாங்க? நாளைக்கு மழை பெஞ்சு திரும்பி வந்தா எதை விதைப்பீங்க? அதுக்காவது இங்க ஒரு வீடு வேணும்."

பெள்ளன் திரும்பிப் போகவில்லை. வந்த வழியை வீணாக்குவானேன் என்று விறகு பிளக்க உட்கார்ந்தான்.

அன்று மசினி தன் தோண்டுகோலை எடுத்தாள். வைரம் பாய்ந்த கோல். நுனியில் இரும்புக் கொழு. வெட்டுகத்தியை விட்டால் மலையில் இருந்த ஒரே இரும்பு அது. ஒரு கோடை முழுக்க எடுத்த தேனைக் கொடுத்துக் கீழ்நாட்டில் வாங்கியது. அதைக் கோலிலிருந்து தட்டிக் கழற்றி அடுப்புக்குள் வைத்தாள்.

"மசினி" என்றான் சடையன். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை. "அம்பு தப்பிப் பாறையில பட்டா அதும் போச்சு. கிழங்குக்கும் வழி இருக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சா செய்யற?"

அவள் மூங்கில் குழாயால் நெருப்பை ஊதினாள். பெள்ளன் ஒரு கல்லைப் பார்த்து எடுத்து வந்து, கேட்காமலே பச்சை மூங்கில் பிளப்பால் இரும்பைப் பிடித்துக்கொண்டான். அவள் அடித்தாள். சிவந்தது தட்டையாயிற்று, ஆறியது, மறுபடி சிவந்தது. இலை வடிவம் வந்ததும் விளிம்பைப் பாறையில் தேய்த்தாள். ஈத்தை மூங்கில் குச்சியை அனலில் காட்டி வளைவு எடுத்தாள். முனையை நாரால் இறுக்கிக் கட்டி வேங்கை மரப் பிசினை மேலே உருக்கி விட்டாள். வாலுக்குக் காட்டுக்கோழி இறகு. இப்படி ஓர் அம்பு தேறியது.

மறுநாள் மாலை பன்றி வேலிவரை வந்து நின்றுவிட்டது. உள்ளே நுழையவில்லை.

"மெழுகு வாசனை வருது" என்றது. மூக்கு இன்னொரு தடவை அசைந்தது. "இரும்பும் வருது. அடிப்பாவி, கொழுவைக் கழட்டிட்டியா? நாளைக்கு எதால தோண்டுவ?"

மசினி வில்லைத் தாழ்த்தினாள்.

"காத்து உன் பக்கத்துல இருந்து என் பக்கம் வீசுது, மருமகளே. நீ என்ன செஞ்சாலும் எனக்கு முன்னாடியே வந்து சொல்லிடும்." அம்பு எட்டாத மூலைக்குப் போய், அங்கே வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து தின்றது. தின்னும்போதும் பேசிக்கொண்டே இருந்தது. குட்டிகளில் ஒன்று இருமுகிறது என்றது. ஓடைத் தண்ணீர் கசக்கிறது என்றது.

மசினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

அடுத்த நாள் பொழுது உச்சி சாய்ந்ததும் அவள் ஓடைக்குப் போனாள். பன்றி வழக்கமாகப் புரளும் சேற்றுக்குழி அங்கே இருந்தது. பன்றியும் குட்டிகளும் அந்த நேரத்தில் மேல்காட்டில் இருக்கும். அவள் சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிப் படுத்தாள். முகத்திலும் முடியிலும் சேறு அப்பினாள். வில்லிலும் அம்பிலும் அப்பினாள். மெழுகு பூசாத புது நாண் ஒன்றைத் திரித்து, ஈரம் படாமல் இலைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அதை மட்டும் சேற்றுக்குக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது குழந்தை அவளைப் பார்த்து அழுதது.

"வாங்க மாமா" என்றான் சடையன். "இவ எங்க போனான்னு தெரியல. உக்காருங்க, வந்துடுவா."

தான் உடுத்திக் கழித்த பழைய சேலை ஒன்றை அவள் பரண்மேல் விரித்தாள். பன்றிக்குக் கண்பார்வை மட்டு, அதற்கு மூக்குதான் கண் என்று அவளுக்குத் தெரியும். மூலையில் பிய்ந்திருந்த வேலியை முள் வைத்து அடைத்தாள். பழைய வழியை அடைக்கவில்லை. அதன் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டையை மட்டும் கிடத்தினாள். பிறகு அந்த வழிக்குப் பக்கத்திலிருந்த கள்ளிப் புதருக்குள் உட்கார்ந்து நாணேற்றினாள்.

வெளிச்சம் மஞ்சளாகிய நேரத்தில் பன்றி வந்தது. பின்னால் பெட்டைப் பன்றியும் குட்டிகளும் வந்தன. குட்டிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு வந்தன. யார் முதலில் தின்பது என்று.

வேலி ஓரமாக நின்று பன்றி மோந்தது. பரணிலிருந்து மசினியின் வாசனை வந்தது. புதரிலிருந்து அதன் வாசனையே அதற்கு வந்தது.

"பரண்ல என்ன தூக்கமா, மருமகளே?" என்று பரணைப் பார்த்துக் கேட்டது.

சேலை காற்றில் லேசாக அசைந்தது.

"கோவமா? இருக்கும். இருக்கட்டும்." பன்றி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நேத்து ராப்பூரா உன் வில்லைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நாணைச் சரி பண்ணிட்ட. முனையைச் சரி பண்ணிட்ட. இவ்வளவு பாடுபட்டு யாரும் என்னைத் தேடினதில்ல. ஆனா வில்லுல இன்னும் ஒரு குறை இருக்கு மசினி. சின்னதுதான். அதைச் சரி பண்ணாத வரைக்கும் உன் அம்பு ஒருக்காப் பட்டா ஒருக்காப் படாது. அது என்னன்னு கேட்டா..."

பேசிக்கொண்டே கட்டையைத் தாண்டுவதற்கு முன்னங்காலைத் தூக்கி எட்டி வைத்தது.

அந்த இடம் தெரிந்தது. கை அகலம்தான் இருந்தது. சேறு படாத வெளிறிய தோல். நாண் அவள் காதுவரை வந்திருந்தது. இன்னும் ஒரு மூச்சு பிடித்து வைத்திருக்க அவள் விரல்களால் முடியும். அந்த ஒரு மூச்சில் பன்றி சொல்லி முடித்திருக்கும். காலையும் கீழே வைத்திருக்கும்.

மசினி விட்டாள்.

அம்பு இறகுவரை உள்ளே போயிற்று. பன்றி கட்டைமேல் மார்பு பட விழுந்தது. அது கத்தவில்லை. கடைசியாகப் பேசிய சொல் இன்னும் வாயில் இருப்பதுபோல் தாடை அசைந்தது.

வேலிக்கு வெளியே பெட்டைப் பன்றி வாயைத் திறந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் திறந்தது. குரல் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது விழுந்தது என்று குட்டிகள் பார்த்திருந்தன. அவையும் வாயை மூடிக்கொண்டன. மூடிய வாய்க்குள் உர் என்று ஏதோ உருண்டது. அதோடு திரும்பி ஓடைக்குள் இறங்கிவிட்டன.

மசினி புதரிலிருந்து வெளியே வந்து பன்றியின் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா" என்றாள். "என்ன குறை?"

பன்றியின் கண் அவள் பக்கம் வந்தது. சேறு பூசிய அவளை அது யாரென்று நினைத்ததோ. அவள் குனிந்து அதன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தாள். மூச்சு சூடாக வந்தது, பிறகு வரவில்லை. வாயில் சாமை இல்லை. அன்றைக்கு அது இன்னும் தின்னத் தொடங்கவில்லை.

சடையன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவள் அப்படியே இருந்தாள்.

"நல்லா அடிச்சிருக்க."

"அது என்னமோ சொல்ல வந்துச்சு."

"அது எப்பவும் என்னமோ சொல்லும்."

பெள்ளனும் அவளும் பன்றியைக் கழியில் கட்டித் தூக்கினார்கள். குடிசை வாசலில் இறக்கிவிட்டு மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். யாரும் கத்தியை எடுக்கவில்லை.

"மாமன் செத்தா வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதே" என்றான் பெள்ளன்.

"அப்ப பச்சையாத் தின்னுறியா?" என்றான் சடையன்.

மசினி உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அதற்குப் பிறகு அந்த மலையில் பன்றியை யாரும் மாமன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால்தான் அடுப்பு மூட்டலாம் என்று ஆகிவிட்டது.

*

நின்ற பாதிக் கொல்லையை அறுத்தார்கள். மழை தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. பெள்ளன் கீழே இறங்கிப் போய்த் தன் மனைவியை அழைத்துக்கொண்டு ஏறி வந்தான். இன்னும் இரண்டு வீட்டார் பின்னால் வந்தார்கள். மசினி அவர்களுக்கு விதை அளந்து போட்டாள். அம்பின் முனையை மறுபடி அடித்துத் தோண்டுகோலில் மாட்டினாள்.

கதிர் பிடித்த காலத்தில் குட்டிகள் வளர்ந்த பன்றிகளாக வந்தன. வேலியைப் பிய்த்தன. தின்றன. ஆனால் பேசவில்லை. "காத்து எந்தப் பக்கம் வீசுது, பங்காளி?" என்று சடையன் இருட்டைப் பார்த்துக் கேட்டுப் பார்த்தான். உர் என்று ஒரு சத்தம் தொடங்கி நின்றது. அவ்வளவுதான்.

கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த இரும்பில் முனை அடித்துக்கொண்டு மசினி மறுபடி வில்லெடுத்தாள். அம்பு சில நாள் பட்டது, சில நாள் படவில்லை. அவள் புது மூங்கில் வெட்டி, அடுப்புக்கு மேலே புகையில் போட்டு, புது வில் செதுக்கினாள். பட்டது, படவில்லை. வில்லின் நடு வயிற்றைத் தடிப்பாக்கிப் பார்த்தாள், மெலித்துப் பார்த்தாள். முனைக் கொம்புகளை நீட்டினாள், குறைத்தாள். பெள்ளன் ஒரு வில் செய்தான். அதிலும் அப்படியே. குறை எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தால் எங்குமே இல்லை. அது என்ன என்று தெரிந்திருந்தது, பேசத் தெரிந்த அந்தப் பன்றி ஒன்றுக்குத்தான்.

பன்றி எந்தச் சத்தத்தையும் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்வது அந்த மாலையில் தொடங்கியது. நாணேற்றிய வேடன் அம்பைத் தொடுவதற்கு முன் வெறும் நாணை ஒருமுறை சுண்டிவிட்டு, வில்லின் பக்கம் காதைச் சாய்த்து நிற்பதும் அதற்குப் பிறகு வந்ததுதான். எதைக் கேட்கிறாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கேட்காமல் கிளம்பவும் மாட்டான்.

அந்தப் பருவத்தின் கடைசியில் ஒருநாள் மசினி வாசலில் நின்று நாணேற்றினாள். சடையன் உள்ளே உட்கார்ந்து ஈத்தைக் குச்சியைச் சீவிக்கொண்டிருந்தான். அவள் நாணைச் சுண்டினாள். சடையன் கத்தியை நிறுத்தினான். சத்தம் மெலிந்து மெலிந்து அடங்கும்வரை அவள் தலையைச் சாய்த்திருந்தாள். பிறகு அம்புகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவன் மறுபடி சீவத் தொடங்கினான்.